பனிக்கட்டி மிதக்கும்போதே வெப்பநிலை ஏறுகிறது: உருகும் கட்டத்தில் தட்டையான கோடு வர என்ன செய்யலாம்?

முக்காலி_கோவை

வணக்கம். நிலைமாற்றப் பாடத்தில் வெப்பநிலை–நேர வரைபடத்தைப் பலகையில் போட்டுக் காட்டாமல் மாணவர்களையே அளந்து வரைய வைக்க விரும்புகிறோம். இப்போதுள்ள அமைப்பு: 250 மில்லி பீக்கர், 150 கிராம் பனிக்கட்டி (ஃபிரிட்ஜ் தட்டிலிருந்து எடுத்த கட்டிகள், உடைக்கவில்லை), முக்காலி, கம்பி வலை, சாராய விளக்கு, 110 டிகிரி வரை காட்டும் வெப்பநிலைமானி. குமிழ் பீக்கரின் அடியில் இருக்கிறது. 30 விநாடிக்கு ஒரு முறை அளவு எடுக்கிறோம்.

வரும் எண்கள்: 1, 2, 4, 5, 7, 9... அதற்குள் பாதிக் கட்டிகூடக் கரைந்திருக்காது. புத்தகத்தில் உள்ள தட்டையான கோடு எங்கேயும் இல்லை. கொதிக்கும் இடத்தில் மட்டும் கோடு படுக்கிறது, அதுவும் 100-இல் இல்லை, 98.5-இல். “உருகும்போது வெப்பநிலை மாறாது என்கிறீர்கள், மாறுகிறதே?” என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். 45 நிமிட வகுப்புக்குள் முடிக்க வேண்டும். எதை மாற்றலாம்?

கலோரிமானி

முக்காலி சார், வெப்பநிலைமானி சரியாகத்தான் காட்டுகிறது. அது அளப்பது உருகும் பனிக்கட்டியை அல்ல, அடியில் தேங்கிய தண்ணீரை.

தண்ணீருக்கு அடர்த்தி மிக அதிகம் 4 டிகிரியில். மேலே மிதக்கும் கட்டியைச் சுற்றி 0 டிகிரித் தண்ணீர் இருக்கிறது. அடியில் விளக்கு சூடாக்கும் தண்ணீர் 1, 2, 3 என்று ஏறும்போது லேசாவதற்குப் பதில் இன்னும் கனமாகிறது. அதனால் மேலே எழும்பாமல் அங்கேயே கிடக்கிறது. 0 டிகிரித் தண்ணீரின் அடர்த்திக்குச் சமமான அடர்த்தி மறுபடி வருவது ஏறக்குறைய 8 டிகிரியில். அதைத் தாண்டினால்தான் அடித்தண்ணீர் தானாக மேலே கிளம்பிக் கட்டியைத் தொடும். சாதாரணமாக வெப்பச்சலனம் கலக்கிவிடும் என்று நம்புகிறோமே, சரியாக இந்த 0 முதல் 8 வரையிலான இடத்தில் அது வேலை செய்யாது. உங்கள் 4, 5, 7 எல்லாம் அங்கிருந்து வந்தவை.

எனவே முதல் மாற்றம், கலக்குவது. எப்போதாவது ஒரு சுற்று போதாது. கம்பியை வளையமாக வளைத்து ஒரு கலக்கி செய்து, ஒரு மாணவர் அளவு எடுக்கும் நேரம் முழுவதும் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பநிலைமானியால் கலக்க விடாதீர்கள், குமிழ் உடையும்.

இரண்டாவது, கட்டியைத் துணியில் சுற்றி நொறுக்குங்கள். கடலைப் பருப்பு அளவுக்கு இருந்தால் நல்லது. பெரிய கட்டிக்குத் தொடுபரப்பு குறைவு. விளக்கு தரும் வேகத்துக்கு அதால் வெப்பத்தை வாங்க முடியாமல் தண்ணீர் சூடாகிவிடுகிறது.

மூன்றாவது, வெறும் பனிக்கட்டியோடு தொடங்காதீர்கள். 100 கிராம் நொறுக்கிய பனிக்கட்டிக்கு 50 கிராம் பனிநீர் (பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்த தண்ணீர்) ஊற்றித் தொடங்குங்கள். இல்லாவிட்டால் துண்டுகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், குமிழ் எதைத் தொடுகிறது என்றே சொல்ல முடியாது. குமிழை நூலில் கட்டியோ தாங்கியில் பிடித்தோ நடு உயரத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அடியில் படக்கூடாது.

இவ்வளவும் செய்தால் 0 முதல் 0.5 வரைக்குள் கோடு நிற்கும். கடைசியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டி குறைந்ததும் கலக்கினாலும் மெல்ல ஏறத் தொடங்கும். அந்த இடத்தைத் தட்டைக் கோட்டோடு சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வடமராட்சி ஆய்வுகூடம்

கலோரிமானி சேர் சொன்னது முழுக்கச் சரி. இன்னொன்று சேர்க்க விரும்புகிறேன். தட்டையான கோடு வந்தால் மட்டும் போதாது, அந்தக் கோட்டின் நீளத்துக்கு ஒரு பொருள் உண்டு. பிள்ளைகள் அதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் விளக்கின் வலுவை அளவிடுங்கள். பரிசோதனைக்கு முன்னர் அதே முகவையில் 200 கிராம் தண்ணீர் ஊற்றி, 30 பாகையிலிருந்து (டிகிரியிலிருந்து) 60 பாகைக்கு வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 5 நிமிடம் எடுத்தால்:

தண்ணீர் பெற்றது 200 × 4.186 × 30 = ஏறத்தாழ 25.1 கிலோயூல். முகவைக் கண்ணாடி 100 கிராம் என்றால் இன்னும் 2.5 கிலோயூல். மொத்தம் 27.6. அதை 300 செக்கனால் வகுத்தால் 92 உவாற்று (வாட்). கணக்குக்கு 90 என்று வையுங்கள்.

திரியின் உயரத்தையும், விளக்குக்கும் வலைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அதன் பிறகு மாற்றக் கூடாது. காற்றாடியை நிறுத்த வேண்டும். சுடர் ஆடினால் இந்த எண் பயன்படாது.

இனி 100 கிராம் பனிக்கட்டி உருக 33.4 கிலோயூல் தேவை. 90 உவாற்றில் 371 செக்கன், அதாவது ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். பிள்ளைகள் இந்த எண்ணை முன்கூட்டியே கொப்பியில் எழுதிவிட்டுப் பிறகு கோட்டின் நீளத்தை ஒப்பிடட்டும். வகுப்பறைக் காற்றும் மேலிருந்து கொஞ்சம் வெப்பம் கொடுப்பதால் உண்மையில் சற்றுக் குறைவாக வரலாம்.

சோதனைக்குழாய்

ஒரு சந்தேகம். புத்தக வரைபடம் -10 டிகிரியில் தொடங்குகிறது. பள்ளிக்கு வெளியிலிருந்து வாங்கும் பனிக்கட்டி வந்து சேரும்போதே நீர் சொட்டுகிறது. அந்த முதல் சரிவுக் கோட்டை எப்படிக் காட்டுவது?

கலோரிமானி

நீர் சொட்டும் பனிக்கட்டி 0 டிகிரியில் இருக்கிறது, அதை வைத்து முடியாது. உறைகலவை வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, எடையில். பழைய குல்ஃபி வண்டியில் வைத்திருப்பதும் இதுதான். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து தொடக்கூடிய கீழ் எல்லை -21.1 டிகிரி. வகுப்பில் -12 முதல் -18 வரை எளிதில் கிடைக்கும். இதுவும் பாடத்துக்குள் அடங்குவதுதான்: உப்பு பனிக்கட்டியை உருகச் செய்கிறது, உருக வேண்டிய வெப்பம் வெளியிலிருந்து வராததால் கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்கிறது.

அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயில் 20 கிராம் தண்ணீரும் மின்னணு வெப்பநிலை அளவுமுனையும் வைத்து உறையவிடுங்கள். கண்ணாடிக் குழாயும் கண்ணாடி வெப்பநிலைமானியும் இங்கே வேண்டாம். தண்ணீர் உறையும்போது கனஅளவு 9 விழுக்காடு பெருகும், இரண்டில் ஒன்று விரிசல் விடும். நீர்புகா உறையுடன் வரும் டி.எஸ்.18பி20 அளவுமுனை போதும். விலை குறைவு, -55 முதல் 125 டிகிரி வரை வேலை செய்யும், -10 முதல் 85 வரை அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும்.

ஆனால் விளக்கில் காட்டாதீர்கள். 20 கிராம் பனிக்கட்டி -10-இலிருந்து 0-க்கு வர 418 ஜூல் போதும். 90 வாட் விளக்குக்கு அது 5 விநாடி வேலைகூட இல்லை, ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. குழாயை எடுத்துத் துடைத்து மேசைமேல் காற்றில் நிறுத்துங்கள். மெதுவாக ஏறி 0-இல் வெகுநேரம் நிற்கும். வகுப்பு முடியும்வரை அது ஒரு மூலையில் தன்பாட்டுக்கு ஓடட்டும்.

நீலமலை

98.5 பற்றி யாரும் சொல்லவில்லையே.

முக்காலி சார் பெயரில் கோவை இருக்கிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சராசரியாக 96.5 கிலோபாஸ்கல், அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை 98.6 அல்லது 98.7. உங்கள் வெப்பநிலைமானி 98.5 காட்டினால் அது நல்ல கருவி. தயவுசெய்து அதை 100 என்று திருத்தி எழுத வைக்காதீர்கள். ஊட்டியில் 2240 மீட்டர் உயரத்தில் 92.5-லேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று தோராயமாகக் கொள்ளலாம்.

இதே 98.5 சென்னையிலோ தூத்துக்குடியிலோ வந்தால் அது வேறு கதை. கடலோரத்தில் நாளுக்கு நாள் அழுத்தம் மாறுவதால் வரும் வேறுபாடு அரை டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அங்கே ஒன்றரை டிகிரி குறைந்தால் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிறைய வெப்பநிலைமானிகளில் தண்டில் ஒரு வளையக்கோடு இருக்கும், அந்த ஆழம்வரை முழுக வேண்டும் என்று பொருள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் திரவம் குளிர்ந்த காற்றில் இருந்தால் குறைவாகக் காட்டும்.

தண்ணீரில் உப்பு, அழுக்கு இருந்தால் கொதிநிலை ஏறும் என்பதும் உண்மை, ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு 58 கிராம் உப்பு போட்டால் ஒரு டிகிரி. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பால் உங்கள் கருவியில் எதுவும் தெரியாது. வாலைவடிநீர்தான் (காய்ச்சி வடித்த நீர்) வேண்டும் என்று அலைய வேண்டாம்.

சரியாகக் கழுவிய புதுக் கண்ணாடியில் கொதிக்க வைத்தால் 101, 102 வரை போய்த் திடீரென்று குதித்துத் தெறிக்கலாம். குமிழி தோன்ற ஒரு சொரசொரப்பான இடம் வேண்டும். உடைந்த மண்சட்டியின் மெருகில்லாத சில்லு இரண்டு போடுங்கள், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே. சூடான பிறகு போட்டால் மொத்தமாகப் பொங்கிக் கையில் விழும்.

முக்காலி_கோவை

நன்றி. கலக்கியும் நொறுக்கிய பனிக்கட்டியும் வைத்ததில் 0.5-இல் கோடு நிற்கிறது. அடுத்த கேள்வி மாணவர்களுடையது: விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, வெப்பநிலை ஏறவில்லை, வெப்பம் எங்கே போகிறது? “மறைந்திருக்கிறது” என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

கலோரிமானி

திருப்தி இல்லாமல் இருப்பதே நல்லது. வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலின் அளவு, மொத்த ஆற்றலின் அளவு அல்ல. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துக் குறிப்பிட்ட இடங்களில் கட்டுண்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பிலிருந்து அவற்றை விடுவிக்க வேலை செய்ய வேண்டும். 0 டிகிரியில் வரும் ஒவ்வொரு ஜூலும் அந்த வேலைக்குப் போகிறது, வேகத்தைக் கூட்டுவதற்கு அல்ல. ஆற்றல் நிலையாற்றலாக இருக்கிறது. தண்ணீர் திரும்ப உறையும்போது அப்படியே வெளியே வருகிறது.

இப்போது இரண்டு எண்களை அருகருகே எழுதுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாக 2257. ஏறக்குறைய ஏழு மடங்கு. உருகும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை, ஒழுங்கு மட்டுமே குலைகிறது, இணைப்புகளில் பெரும்பகுதி திரவத்திலும் இருக்கிறது. ஆவியாகும்போது எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு தனித்தனியாகப் போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் 1,670 லிட்டர் நீராவியாகிறது. அவ்வளவு இடத்துக்காகச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள மட்டுமே கிலோவுக்கு ஏறத்தாழ 170 கிலோஜூல் செலவு. மீதி முழுக்க மூலக்கூறுகளைப் பிரிக்கத்தான்.

மாணவர்கள் மனதில் பதிய ஒரு சோதனை. பனிக்கட்டி உருகி முடிய எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரத்துக்குத் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள், முன்னும் பின்னும் எடை பார்த்து. 100 கிராம் பனிக்கட்டியை உருக்கிய வெப்பம் கொதிக்கும் தண்ணீரில் அதிகபட்சம் 15 கிராமை ஆவியாக்கும். வெப்ப இழப்பால் 10, 12 கிராம்தான் குறைந்திருக்கும். 100 எங்கே, 15 எங்கே!

வடமராட்சி ஆய்வுகூடம்

இந்த மறைவெப்பத்தை முதலில் அளந்த ஜோசப் பிளாக் விளக்கே பயன்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1760-களின் தொடக்கத்தில், கிளாஸ்கோவில். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஒரு பெரிய மண்டபத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் 33 பாரன்ஹீட் பாகைத் தண்ணீர், மற்றதில் அதே நிறை பனிக்கட்டி. மண்டபம் 47 பாகை. தண்ணீர் 40 பாகைக்கு வர அரை மணித்தியாலம். பனிக்கட்டி உருகி அதே 40 பாகைக்கு வரப் பத்தரை மணித்தியாலம். அறைக்காற்று இரண்டுக்கும் ஒரே வேகத்தில் வெப்பம் கொடுக்கிறது என்று வைத்து, 21 அரை மணிகள் × 7 பாகை = 147, உருகிய பின் ஏறிய 8 பாகையைக் கழித்தால் ஏறத்தாழ 140. இன்று நாம் சொல்லும் கிராமுக்கு 80 கலோரி என்பது அந்த அளவில் 144. கடிகாரமும் வெப்பமானியும் மட்டும் வைத்து இவ்வளவு கிட்ட வந்திருக்கிறார். விளக்குக்கு வசதியில்லாத பாடசாலைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சோதனைக்குழாய்

மேல்நிலை வகுப்புக்குக் கலவை முறையில் (வெதுவெதுப்பான தண்ணீரில் பனிக்கட்டியைப் போட்டு) உள்ளுறை வெப்பம், அதாவது மறைவெப்பம், கணக்கிடும்போது எங்கள் பக்கம் எப்போதும் 334-க்குக் குறைவாகவே வருகிறது. 300, 310. கலோரிமானிப் பாத்திரம், எடைத் தராசு இரண்டும் சரி. கடலோரப் பள்ளி.

கலோரிமானி

இரண்டு காரணம், இரண்டுமே உங்கள் ஊருக்குப் பொருந்தும்.

முதலாவது ஈரமான பனிக்கட்டி. 15 கிராம் போட்டதாக எடை காட்டுகிறது, அதில் 1 கிராம் ஏற்கெனவே உருகி ஒட்டியிருந்த தண்ணீர் என்றால் உருகியது 14 மட்டுமே. விடை 334-க்குப் பதில் 312 என்று விழும். ஒட்டுத்தாளில் அழுத்தித் துடைத்து, இடுக்கியால் எடுத்து உடனே போட வேண்டும். விரலால் எடுத்தால் போகிற வழியிலேயே மறுபடி ஈரமாகும்.

இரண்டாவது, பலரும் கவனிக்காதது. அறை வெப்பநிலைக்கு 5 டிகிரி மேலே தொடங்கி 5 டிகிரி கீழே முடித்தால் வெப்ப இழப்பும் வரவும் சரிக்கட்டிவிடும் என்பது பழைய நல்ல விதி. ஆனால் கடலோரத்தில் அறை 30 இருக்கும்போது பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25-ஐ ஒட்டி இருக்கும். பாத்திரம் அதற்குக் கீழே போனால் வெளிச்சுவரில் நீர்த்துளி படியும். படியும் ஒவ்வொரு கிராமும் 2,400 ஜூலுக்கு மேல் பாத்திரத்துக்குள் விடும். பனிக்கட்டி வெளியிலிருந்து வாங்கிய அந்த வெப்பம் உங்கள் கணக்கில் இல்லை. கடைசி எடையைப் பாத்திரத்தோடு எடுத்தால் அந்தத் துளியும் பனிக்கட்டியாகவே கணக்கில் சேரும்.

எனவே: 60 கிராம் செம்புப் பாத்திரத்தில் 150 கிராம் தண்ணீர், தொடக்கம் 35, முடிவு 27. அறை 31 என்றால் இருபுறமும் 4. செம்புக்கு 23, தண்ணீருக்கு 628, மொத்தம் டிகிரிக்கு 651 ஜூல். 8 டிகிரிக்கு 5,208. ஒரு கிராம் பனிக்கட்டி உருகி 27-க்கு வர 334 + 113 = 447. அப்படியானால் போட வேண்டியது 11.7 கிராம் அளவுக்கு. எடையைக் கடைசியில் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

நீலமலை

பனிக்கட்டி கிடைக்காத நாளுக்கு மாற்று: ஸ்டியரிக் அமிலத்தின் குளிர்ச்சி வரைபடம். சோதனைக் குழாயில் 10 கிராம், 80 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்கி, வெளியே எடுத்து 30 விநாடிக்கு ஒரு முறை அளவு. தூய அமிலம் 69 டிகிரியை ஒட்டி நிற்கும். கடையில் விற்கும் ஸ்டியரிக் அமிலத்தில் பால்மிட்டிக் அமிலமும் கலந்திருக்கும். அது 55-ஐ ஒட்டி உறையத் தொடங்கும், கோடும் முழுத் தட்டையாக இல்லாமல் லேசாகச் சாயும். அதுவே ஒரு பாடம்: தூய பொருளுக்குத்தான் கூர்மையான உருகுநிலை. முடிந்ததும் வெப்பநிலைமானியை உருவி எடுக்கக் கூடாது, மறுபடி வெந்நீரில் வைத்து உருக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

நாப்தலீனை (அந்துருண்டைப் பொருள்) வைத்து இதைச் செய்யச் சொல்லும் பழைய கையேடுகள் உண்டு. 80.3 டிகிரியில் அழகான தட்டைக் கோடு வரும், மறுக்கவில்லை. ஆனால் மூடிய அறையில் நாற்பது குழந்தைகளுக்கு நடுவே அதன் ஆவி வேண்டாம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும், யாருக்கு அந்தக் குறைபாடு என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது.

சோதனைக்குழாய்

பதங்கமாதலுக்கு (திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவதற்கு) அம்மோனியம் குளோரைடு காட்டலாமா?

கலோரிமானி

வெண்புகை எழும்பிப் புனலில் படியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே நடப்பது வேதிச்சிதைவு. அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்ததும் சேர்கிறது. நிலைமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டாம். கற்பூரத்தை வெந்நீர்ப் பீக்கரின் மேல் வைத்த கிண்ணத்தில் காட்டுங்கள். சுடர் அருகில் கூடாது, அதன் ஆவி தீப்பற்றும்.

முக்காலி_கோவை

கடைசியாக ஒன்று. குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பதைக் காட்டக் குடுவையைக் கவிழ்த்து மேலே பனிக்கட்டி வைக்கும் சோதனை பாதுகாப்பானதா? 45 நிமிடத்துக்குள் இதையும் அடக்க முடியுமா?

நீலமலை

உருண்டை அடிக் குடுவையில் மட்டும். கூம்புக் குடுவையில் ஒருபோதும் வேண்டாம், அதன் தட்டை அடி வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்காமல் உள்நோக்கி நொறுங்கலாம். விளக்கை அகற்றி, கொதி அடங்கிய பிறகே தக்கை. கொதிக்கும்போதே அடைத்தால் தக்கை வெடித்துக் கிளம்பும். கனத்த துணிக் கையுறை, முகத்துக்குக் கண்ணாடி. நீராவியைப் பற்றி மாணவர்களுக்கு ஓர் எண் சொல்லுங்கள்: கையில் படும் 1 கிராம் கொதிநீர் 37 டிகிரிக்குக் குளிர 264 ஜூல் விடும், 1 கிராம் நீராவி 2,521 ஜூல் விடும். ஒன்பதரை மடங்கு.

வகுப்புக்குள் அடக்க எளிய வழி, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு. 75 டிகிரி வெந்நீர் 5 மில்லி இழுத்து, காற்றை வெளியேற்றி, முனையை அடைத்து உந்துதண்டைப் பின்னால் இழுத்தால் உடனே கொதிக்கும். விட்டால் நிற்கும். 30 விநாடி வேலை.

நேரக் கணக்கு: விளக்கின் வலு அளப்பதை முந்திய வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். நொறுக்கி, எடைபோட்டு, அமைக்க 8 நிமிடம். உருகுதல் 6 முதல் 7. 150 கிராம் தண்ணீர் கொதிநிலைக்கு வர 90 வாட்டில் கணக்குப்படி 13 நிமிடம், மேலே போகப் போக இழப்பு கூடுவதால் 16 வரை ஆகும். சிரிஞ்சு சோதனையை அந்த 16 நிமிடத்துக்குள் செருகுங்கள், வெந்நீரைப் பிளாஸ்கில் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு 6 நிமிடம் கொதிக்க விட்டு எடை. பீக்கர் வாயைத் தட்டால் பாதி மூடி வைத்தால் கொதிநிலை சீக்கிரம் வரும், கொதித்த பிறகு தட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி திரும்பச் சொட்டி, எடைக் குறைவு 5 கிராம்கூட வராது.